வெள்ளம் வடிந்த பிறகு பள்ளிகளை எழுப்பியவர்கள்

நியூ ஆர்லியன்ஸில் பிள்ளையைப் பொதுப்பள்ளியில் சேர்ப்பது அமெரிக்காவின் மற்ற ஊர்களைப் போல அல்ல. டெக்சஸில் இருந்தபோது மின்கட்டண ரசீதைக் காட்டினோம், பக்கத்துப் பள்ளியில் இடம் கொடுத்தார்கள், அத்தோடு வேலை முடிந்தது. இங்கே நம் தெருவுக்கு இதுதான் பள்ளி என்று ஒன்று கிடையாது. நகரத்தின் எந்த மூலையில் உள்ள பள்ளிக்கும் விண்ணப்பிக்கலாம். எல்லோருக்கும் பொதுவாக இணையத்தில் ஒரே விண்ணப்பம். முதல் விருப்பம் எது, இரண்டாவது எது, மூன்றாவது எது என்று வரிசைப்படுத்தி அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். அண்ணனோ அக்காவோ ஏற்கெனவே அங்கே படித்தால் முன்னுரிமை உண்டு, வீடு அருகில் இருந்தால் ஓரளவு உண்டு, மீதியைக் குலுக்கல் தீர்மானிக்கும்.

என் மகளுக்காக அந்தப் படிவத்தை நிரப்பும்போது ஒரு விஷயம் உறுத்தியது. ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு தனி நிர்வாகம். தனிச் சீருடை, தனி நாள்காட்டி, தனி ஒழுங்கு விதிகள். எல்லாமே அரசுப் பணத்தில் நடக்கும், கட்டணம் வாங்காத பள்ளிகள்தான். ஆனால் அப்போது எதையும் அரசு நேரடியாக நடத்தவில்லை. இப்படி ஒரு பெருநகரம் அமெரிக்காவில் வேறெங்கும் இல்லை என்பதை அப்போதுதான் அறிந்தேன். யார் இதை இப்படி அமைத்தார்கள் என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன். அந்தத் தேடலில் திரும்பத் திரும்ப எதிர்ப்பட்ட பெயர் 'நியூ ஸ்கூல்ஸ் ஃபார் நியூ ஆர்லியன்ஸ்'. அரசு அலுவலகமும் அல்ல, பள்ளியும் அல்ல. ஒரு தொண்டு நிறுவனம்.

அதன் கதையைச் சொல்லுமுன் 2005-க்கு முந்தைய நிலையைச் சொல்லியாக வேண்டும். பழைய பள்ளிகளை நினைத்து ஏங்குகிறவர்களும் சரி, அவற்றை அடியோடு பழிப்பவர்களும் சரி, பாதியைத்தான் சொல்கிறார்கள்.

1960 நவம்பர் 14 அன்று ரூபி பிரிட்ஜஸ் என்ற ஆறு வயதுக் கறுப்பினச் சிறுமி, கூட்டாட்சிக் காவலர்கள் இருபுறமும் வர, இந்த ஊரின் வில்லியம் ஃபிரான்ட்ஸ் தொடக்கப் பள்ளிக்குள் நுழைந்தாள். அதே நாளில் மெக்டோனா 19 பள்ளிக்குள் வேறு மூன்று சிறுமிகள் நுழைந்தார்கள். வெள்ளையினப் பெற்றோர் தங்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வெளியேறினார்கள். அன்று தொடங்கிய அந்த வெளியேற்றம் நிற்கவே இல்லை. வசதி உள்ளவர்கள் புறநகருக்கோ கத்தோலிக்கத் தனியார் பள்ளிகளுக்கோ போனார்கள். பொதுப்பள்ளிகளில் ஏழைக் கறுப்பினக் குழந்தைகள் மிஞ்சினார்கள். வரிப்பணமும் அரசியல் அக்கறையும் அவர்களோடு மிஞ்சவில்லை.

2005 வாக்கில் சுமார் 65,000 மாணவர்கள். கூரை ஒழுகும் வகுப்பறைகள். 1998-க்கும் 2005-க்கும் இடையில் ஊர்ப் பள்ளிகளின் தலைமை நிர்வாகியான கண்காணிப்பாளர் பதவியில் எட்டுப் பேர் மாறினார்கள். ஊழலை விசாரிக்க எஃப்.பி.ஐ. அதிகாரிகள் கல்வி மாவட்டத் தலைமையகத்துக்குள்ளேயே ஓர் அறை எடுத்து உட்கார்ந்தார்கள். கல்விக் குழுவின் தலைவராக இருந்த ஒருவர் பின்னாளில் லஞ்ச வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2003-இல் ஓர் உயர்நிலைப் பள்ளியில் வகுப்பிலேயே முதலிடம் பெற்ற மாணவி, மாநிலக் கணிதத் தேர்வைப் பலமுறை எழுதியும் தேறாததால் பட்டமளிப்பு மேடையில் ஏற முடியாமல் போனது. அந்தப் பெண் படிக்காதவள் அல்ல. சொல்லிக்கொடுத்ததையெல்லாம் படித்தவள். அவளுக்குச் சொல்லிக்கொடுக்காமல் விட்டது எவ்வளவு என்பதை அந்தத் தேர்வு காட்டிக் கொடுத்தது. இதைப் படித்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

2005 ஆகஸ்ட் 29-இல் கத்ரீனா புயல். வெள்ளத் தடுப்புக் கரைகள் உடைந்து, நகரத்தின் எண்பது விழுக்காடு நீரில் நின்றது. பெரும்பாலான பள்ளிக் கட்டடங்கள் சேதமடைந்தன. மக்கள் ஹூஸ்டன், அட்லாண்டா, பேட்டன் ரூஜ் என்று சிதறினார்கள்.

அவர்கள் ஊர் திரும்புவதற்குள் முடிவுகள் எடுக்கப்பட்டுவிட்டன. என் எல்லாக் கேள்விகளும் இந்தக் கட்டத்தில்தான் தொடங்குகின்றன. 2005 நவம்பரில், நியூ ஆர்லியன்ஸ் அடங்கிய லூயிசியானா மாநிலத்தின் சட்டமன்றம் 'சட்டம் 35' என்பதை நிறைவேற்றியது. மாநில சராசரிக்குக் கீழே மதிப்பெண் பெற்ற நியூ ஆர்லியன்ஸ் பள்ளிகள் நூற்றுக்கும் மேற்பட்டவை 'ரெக்கவரி ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்' என்ற மாநில அமைப்பின் கைக்குப் போயின. ஊரார் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த கல்விக் குழுவிடம் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே பள்ளிகள் மிஞ்சின. சுமார் 7,500 பள்ளி ஊழியர்கள் முதலில் சம்பளமில்லாப் 'பேரிடர் விடுப்பில்' வைக்கப்பட்டு, 2006-இல் பணியிலிருந்து நீக்கப்பட்டார்கள். அவர்களில் நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஆசிரியர்கள். தொழிற்சங்கத்தின் ஊதிய ஒப்பந்தம் அந்த ஆண்டு ஜூனில் காலாவதியானது, யாரும் புதுப்பிக்கவில்லை.

எங்கள் எதிர்வீட்டில் இருப்பவர் அந்த ஆசிரியர்களில் ஒருவர். நான்காம் வகுப்பு ஆசிரியை. எங்கள் தெருவில் எல்லோரும் அவரை மிஸ் என்றுதான் அழைப்போம். பணிநீக்கக் கடிதம் அவர் கையில் கிடைக்கவே இல்லை. கூரைக்குக் கீழே ஓரடி வரை தண்ணீர் நின்ற பழைய வீட்டு முகவரிக்கு அது போயிருந்தது. அவருக்கு மட்டும் நடந்ததல்ல இது. இல்லாமல் போன வீடுகளுக்குக் கடிதங்கள் அனுப்பப்பட்டன என்பது பின்னர் வழக்கிலும் பேசப்பட்டது. ஹூஸ்டனில் தங்கை வீட்டுச் சோபாவில் படுத்திருந்தபோது, உடன் பணியாற்றியவர் போனில் அழைத்துச் சொன்னாராம். "வீடு போனதுக்கு நான் அழலை பேபி, அது புயல். இது ஆள் உட்கார்ந்து எழுதினது" என்றார் என்னிடம். வேலையோடு மருத்துவக் காப்பீடும் போனது. கணவருக்கு அப்போது சிறுநீரகச் சிகிச்சை நடந்துகொண்டிருந்தது.

இந்த வெற்றிடத்தில்தான் 2006-இல் 'நியூ ஸ்கூல்ஸ் ஃபார் நியூ ஆர்லியன்ஸ்' தொடங்கியது. நிறுவியவர் சாரா உஸ்டின். இளம் பட்டதாரிகளை ஏழைப் பள்ளிகளுக்கு ஆசிரியர்களாக அனுப்பும் 'டீச் ஃபார் அமெரிக்கா'விலும், ஆசிரியர் தேர்வுக்கான ஒரு தேசிய அமைப்பிலும் பணியாற்றியவர். அந்த நேரத்தில் மாநில அமைப்பின் கையில் பள்ளிகள் இருந்தன, நடத்த ஆள் இல்லை. திரும்பி வந்த பிள்ளைகளுக்கு வகுப்பறை இல்லை. மேசை இல்லை, பேருந்து ஓட்டுநர் இல்லை, சமையல்காரர் இல்லை. அந்த நிலையில் ஓர் அரசு அலுவலகத்தின் வேகம் போதாது என்று அவர்கள் சொன்னது நியாயம்தான்.

அவர்கள் செய்தது என்ன? முதலில், சார்ட்டர் பள்ளி என்றால் என்ன என்று நம்மவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நம் ஊர் அரசு உதவிபெறும் பள்ளியை நினைத்துக்கொள்ளுங்கள். பணம் அரசுடையது, நிர்வாகம் தனியாருடையது. ஆனால் இங்கே ஒப்பந்தம் சில ஆண்டுகளுக்குத்தான். தேர்ச்சி சரியில்லை என்றால் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டார்கள். பள்ளி மூடப்படும், அல்லது வேறு நிர்வாகத்துக்குக் கைமாறும். ஆசிரியரை நியமிப்பது, நீக்குவது, பாடவேளை, பாடத்திட்டம் எல்லாம் பள்ளியின் முடிவு.

இந்த ஒப்பந்தத்தை எடுத்து நடத்தத் தகுதியான ஆட்களை உருவாக்குவதுதான் தொண்டு நிறுவனத்தின் வேலை. பள்ளி தொடங்க விரும்பும் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, பள்ளி திறக்குமுன்பே சம்பளம் கொடுத்துத் திட்டமிட வைத்தார்கள். அவருக்கு நிர்வாகக் குழு அமைத்துக் கொடுத்தார்கள், கணக்கு எழுதக் கற்றுக்கொடுத்தார்கள், விண்ணப்பம் எழுத உதவினார்கள். நாட்டின் பல பகுதிகளிலிருந்து இளம் ஆசிரியர்களையும் தலைமையாசிரியர்களையும் வரவழைத்தார்கள். 2007 டிசம்பரில் கேட்ஸ், பிராட், ஃபிஷர் அறக்கட்டளைகள் இந்த நிறுவனத்துக்கும் இதோடு சேர்ந்து இயங்கிய இரண்டு அமைப்புகளுக்குமாக 1.75 கோடி டாலர் கொடுத்தன. 2010-இல் கூட்டாட்சி அரசின் புத்தாக்க நிதியிலிருந்து ஏறத்தாழ 2.8 கோடி டாலர் வந்தது. அந்தப் பணத்தின் நோக்கம் தெளிவு: தேறாத பள்ளிகளை, தேறிய நிர்வாகங்களின் கையில் மாற்றிக் கொடுப்பது.

இப்படி முளைத்த பள்ளிகளில் ஒன்று சை அகாடமி. 2008-இல் நகரின் கிழக்குப் பகுதியில் தற்காலிகக் கொட்டகைகளில் தொடங்கியது. இரண்டே ஆண்டில் அதன் தேர்ச்சி நாடெங்கும் பேசப்பட்டு, ஓப்ரா வின்ஃபிரேயின் அறக்கட்டளையிலிருந்து பத்து லட்சம் டாலர் பரிசு பெற்றது. இன்னொன்று அகிலி அகாடமி. அது இப்போது இயங்குவது எங்கே தெரியுமா? ரூபி பிரிட்ஜஸ் நுழைந்த அதே வில்லியம் ஃபிரான்ட்ஸ் கட்டடத்தில். முற்றத்தில் அந்தச் சிறுமியின் சிலை. வெள்ளத்தில் சிதைந்து கிடந்த அந்தக் கட்டடம் புதுப்பிக்கப்பட்டு மீண்டும் குழந்தைகளால் நிறைந்தது. 2010-இல் கூட்டாட்சிப் பேரிடர் முகமை பள்ளிக் கட்டடங்களுக்காக ஒரே தொகையாக 180 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது பெரிய திருப்பம். இன்று ஊரில் பார்க்கும் புதுக் கட்டடங்கள், அகலமான சன்னல்கள், தரைமட்டத்திலிருந்து உயர்த்திக் கட்டிய வகுப்பறைகள் பலவும் அதன் பலன்.

படிப்பு முன்னேறியதா? முன்னேறியது. இதைச் சொல்லத் தயங்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. துலேன் பல்கலைக்கழகத்தின் பொருளாதாரப் பேராசிரியர் டக்ளஸ் ஹாரிஸும் குழுவினரும், புயலால் பாதிக்கப்பட்ட மற்ற மாவட்டங்களோடு ஒப்பிட்டு நியூ ஆர்லியன்ஸை அலசினார்கள். தேர்வு வரிசையில் நூற்றுக்கு எட்டு முதல் பதினைந்து இடம் வரை மாணவர்கள் முன்னேறியிருந்தார்கள். உயர்நிலைப் பள்ளி முடிப்போர் விகிதம் 3 முதல் 9 விழுக்காட்டுப் புள்ளி கூடியது. கல்லூரிக்குள் நுழைவோர் விகிதம் 8 முதல் 15 புள்ளி, கல்லூரியை முடிப்போர் விகிதம் 3 முதல் 5 புள்ளி. இவ்வளவு குறுகிய காலத்தில் ஒரு நகரம் முழுவதும் இப்படி நகர்வது அபூர்வம். கல்லூரியை முடித்த ஒவ்வொரு பிள்ளைக்குப் பின்னாலும் ஒரு குடும்பம் இருக்கிறது. எதிர்வீட்டு மிஸ்ஸின் பேத்தியும் அவர்களில் ஒருத்தி. அவள் படித்தது ஒரு சார்ட்டர் உயர்நிலைப் பள்ளியில். அதை மிஸ் மறைப்பதே இல்லை. "நல்லா சொல்லிக்கொடுத்தாங்க. அதை ஏன் நான் இல்லைன்னு சொல்லணும்?" என்பார்.

அதே ஆய்வுக் குழுவின் இன்னொரு முடிவையும் சேர்த்துப் படிக்க வேண்டும். சீர்திருத்தத்துக்குப் பிறகு ஒரு மாணவருக்கான செலவு, ஒப்பிட்ட மாவட்டங்களைவிடச் சுமார் 13 விழுக்காடு கூடியது. நிர்வாகச் செலவு 66 விழுக்காடு கூடியது. வகுப்பறைக் கற்பித்தலுக்கான செலவோ 10 விழுக்காடு குறைந்தது. காரணம் புரிந்துகொள்ளக் கூடியதே. ஒரே மாவட்ட அலுவலகம் பார்த்த வேலையைப் பல நிர்வாகங்கள் தனித்தனியே பார்க்கின்றன. ஆசிரியர் சம்பளம் குறைந்ததற்குக் காரணம், அனுபவமுள்ளவர்கள் போய் இருபத்திரண்டு வயதுக்காரர்கள் வந்தது.

தேர்ச்சி உயர்வில் பெரும்பங்கு, தேறாத பள்ளிகளை மூடியதாலும் கைமாற்றியதாலும் வந்தது என்கிறது ஆய்வு. தாளில் இது சரியான கணக்கு. தரையில் அது எப்படி இருக்கும்? மூடுவதாக அறிவிக்கப்பட்ட ஒரு பள்ளியின் கூட்டத்துக்கு நான் போயிருக்கிறேன். உடற்பயிற்சிக் கூடத்தில் மடக்கு நாற்காலிகள். பேச விரும்புகிறவர்கள் அட்டையில் பெயர் எழுதிக் கொடுக்க வேண்டும், ஒருவருக்கு இரண்டு நிமிடம். ஒரு தகப்பன், மளிகைக் கிட்டங்கிச் சீருடையில் நேராக வேலையிலிருந்து வந்தவர், தன் மகனுக்கு இது மூன்றாவது பள்ளி, முந்தைய இரண்டும் மூடப்பட்டவை என்றார். "நல்ல பள்ளியாப் பார்த்துச் சேர்த்துக்கங்கன்னு சொல்றீங்க. போன தடவையும் அதைத்தானே சொன்னீங்க?" நிர்வாகக் குழுவினர் குறித்துக்கொண்டார்கள். மணி அடித்தது, அடுத்தவர் பேசினார். கொடுத்திருந்த படக்காட்சியில் அந்தப் பள்ளியின் மதிப்பெண் வரைபடம் மிகத் தெளிவாக இருந்தது. அந்தத் தகப்பன் கேட்டதற்கு அதில் பதில் இல்லை.

தொடக்க ஆண்டுகளில் இன்னும் மோசமான குறைகள் இருந்தன. தனித்தனிப் பள்ளிகள் என்பதால் பொறுப்பு யாருடையது என்று தெரியாத நிலை. சிறப்புக் கவனம் தேவைப்படும் மாற்றுத்திறன் குழந்தைகளை ஒரு பள்ளி ஏற்க மறுத்தால், அடுத்த பள்ளியும் மறுத்தால், பெற்றோர் எங்கே போவது? 2010-இல் 'சதர்ன் பாவர்ட்டி லா சென்டர்' என்ற குடியுரிமைச் சட்ட அமைப்பு வழக்குத் தொடுத்தது. பல ஆண்டுகள் கழித்து, தனிக் கண்காணிப்பாளர்கள் மேற்பார்வையிடும் ஓர் உடன்படிக்கையில் அது முடிந்தது. சில பள்ளிகளில் ஒழுங்கு முறை மிகக் கடுமை. தரையில் ஒட்டிய நாடாவின் மேல் நேர்கோட்டில் நடக்க வேண்டும், மீறினால் தண்டனை. 2012–13-இல் சில உயர்நிலைப் பள்ளிகளில் பாதிக்கும் மேற்பட்ட மாணவர்கள் ஒரு முறையாவது இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். 2013 நவம்பரில் கார்வர் பள்ளி மாணவர்கள் வெளிநடப்புச் செய்து, தங்கள் கோரிக்கைகளை எழுதியே கொடுத்தார்கள். அந்தப் பிள்ளைகளை நான் மனதார மதிக்கிறேன். அதன் பிறகுதான் நிர்வாகங்கள் ஒழுங்கு முறையைத் திருத்தத் தொடங்கின.

பிழைகள் திருத்தப்பட்டதையும் சொல்ல வேண்டும். 2012-இல் பொது விண்ணப்பம் வந்தது. அதற்கு முன்பு ஒவ்வொரு பள்ளி வாசலிலும் தனித்தனியாக விண்ணப்பம் வாங்கி நிரப்ப வேண்டும். வசதியும் நேரமும் உள்ள பெற்றோருக்கே நல்ல பள்ளி கிடைத்தது. வெளியேற்றம் செய்யும் அதிகாரமும் அதே காலத்தில் பள்ளிகளிடமிருந்து எடுக்கப்பட்டு, பொதுவான ஒரு விசாரணை அலுவலகத்துக்கு மாறியது. ஒரு பிள்ளையைப் பள்ளியே தன்னிச்சையாக விரட்டிவிட முடியாது. சந்தைபோலப் போட்டி நடக்கட்டும், மற்றது தானாகச் சரியாகும் என்ற எண்ணத்தோடு தொடங்கியவர்கள், பொதுவான விதிகளும் பொதுவான அலுவலகமும் வேண்டும் என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

ஆனால் ஆசிரியர்கள் விஷயம் திருத்தப்படவில்லை. நான் சொல்ல வந்தது இதுதான், மற்றதெல்லாம் இதற்காகவே எழுதினேன்.

புயலுக்கு முன் இந்த ஊர்ப் பொதுப்பள்ளி ஆசிரியர்களில் 71 விழுக்காட்டினர் கறுப்பினத்தவர். 2014-இல் அது 49 விழுக்காடு. நீக்கப்பட்ட ஆசிரியர்களில் 2013-இல் நியூ ஆர்லியன்ஸ் பொதுப்பள்ளிகளில் பணியில் இருந்தவர்கள் 22 விழுக்காடு மட்டுமே. ஊழியர்கள் வழக்குப் போட்டார்கள். 2012-இல் விசாரணை நீதிமன்றத்திலும், 2014 ஜனவரியில் மேல்முறையீட்டிலும் வென்றார்கள். அதே ஆண்டு அக்டோபரில் மாநில உச்ச நீதிமன்றம் அத்தனையையும் தள்ளுபடி செய்தது. 2015-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்கவே மறுத்துவிட்டது. பத்தாண்டு வழக்கு, கையில் ஒரு டாலர்கூட இல்லை.

பணிநீக்கத்தைச் செய்தது தொண்டு நிறுவனம் அல்ல. அது தொடங்குமுன்பே மாநிலமும் கல்விக் குழுவும் எடுத்த முடிவு அது. இருந்தாலும் ஆசிரியர்களைத் தேடும் பொறுப்பை வலியப் போய் ஏற்ற நிறுவனம், ஊரிலேயே இருந்த ஆயிரக்கணக்கான ஆசிரியர்களை முதலில் தேடிப் போயிருக்க வேண்டும். ஹூஸ்டனிலும் பேட்டன் ரூஜிலும் வாடகை வீட்டில் இருந்தவர்களைக் கண்டுபிடிப்பது கடினமான வேலை அல்ல. திரும்பி வர வீட்டு வாடகை உதவியும் ஒரு வேலை உறுதியும் போதும். கோடிக்கணக்கான டாலர் வந்த இடத்தில் அதற்குப் பணம் இல்லாமல் இல்லை. அந்த ஆசிரியர்கள் எல்லோருமே சிறந்தவர்கள் என்று நான் சொல்லமாட்டேன், மிஸ்ஸே சொல்லமாட்டார். தகுதியைச் சோதித்துச் சேர்த்திருக்கலாம். ஊரைவிட்டுத் தூக்கியெறியப்பட்டவர்களுக்குத் தனியே ஒரு வழி அமைத்திருக்க வேண்டும்.

இழப்பு வேலை மட்டும் அல்ல. இந்த ஊரில் நான்காம் வகுப்பு ஆசிரியை என்பவர் பையனின் அம்மாவுக்கும் பாடம் எடுத்தவர். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பாட்டியின் பக்கத்தில் உட்காருபவர். பையன் மூன்று நாள் வராவிட்டால் எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்று தெரிந்தவர். வெள்ளத்துக்குப் பிறகு, செத்தவர்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிய குழந்தைகளுக்கு அப்படிப்பட்ட ஆள்தான் மிகவும் தேவை. நல்லெண்ணத்தோடு வெளியூரிலிருந்து வந்த இளைஞர்கள் இரவு பகலாக உழைத்தார்கள். இரண்டு ஆண்டுகளில் பலர் கிளம்பிப் போனார்கள்.

பள்ளி இசைக்குழுக்களுக்கு நேர்ந்ததைப் பார்த்தாலும் இது விளங்கும். இந்த ஊரின் பெருந்திருவிழாவான மார்டி கிரா ஊர்வலங்களில் பள்ளிப் பிள்ளைகள் எக்காளமும் முரசும் முழங்க வருவதைப் பார்க்காமல் இந்த ஊர் ஆசிரியர்களின் அருமை புரியாது. இசை ஆசிரியர்கள் போனார்கள், வாத்தியங்கள் நீரில் போயின, மதிப்பெண்ணில் கண்ணாக இருந்த புதிய நடுநிலைப் பள்ளிகளில் இசை வகுப்பு பின்னுக்குப் போனது. அப்போது 'ரீபர்த்' பித்தளை இசைக்குழுவின் முரசு வாசிப்பவர் டெரிக் டாப், 2007-இல் 'ரூட்ஸ் ஆஃப் மியூசிக்' என்ற சிறிய தொண்டு நிறுவனத்தைத் தொடங்கினார். பள்ளி விட்டதும் பிள்ளைகளைப் பேருந்தில் அழைத்து வந்து, வாத்தியம் கற்றுக்கொடுத்து, வீட்டுப்பாடம் செய்ய வைத்து, இரவுச் சாப்பாடு போட்டு வீட்டில் விடுவார்கள். எல்லாம் இலவசம். ஊரின் தேவை என்ன என்று ஊர்க்காரர் ஒருவர் தீர்மானித்தால் பணம் எங்கே போகிறது என்று பாருங்கள்.

கீழ் ஒன்பதாம் வார்டு இன்னோர் உதாரணம். நீரின் வேகத்தில் வீடுகளே பெயர்ந்துபோன பகுதி அது. அங்கிருந்த மார்ட்டின் லூதர் கிங் பள்ளி இனித் திறக்காது என்றே பலரும் முடிவு கட்டியிருந்தார்கள். தலைமையாசிரியை டோரிஸ் ஹிக்ஸும் அவருடைய ஆசிரியர்களும் பெற்றோரும் விடவில்லை. தன்னார்வலர்களோடு சேர்ந்து சேற்றை அள்ளினார்கள். சார்ட்டர் அனுமதியைத் தாங்களே கேட்டு வாங்கினார்கள். 2007-இல் பள்ளி திறந்தது, அந்த வார்டில் திரும்பத் திறந்த முதல் பள்ளி. பழைய ஆசிரியர்களை வைத்துக்கொண்டே புதிதாகத் தொடங்க முடியும் என்று அவர்கள் செய்து காட்டிவிட்டார்கள்.

2010-இல் அன்றைய அமெரிக்கக் கல்வி அமைச்சர் ஆர்ன் டங்கன், நியூ ஆர்லியன்ஸ் கல்விக்கு நடந்தவற்றில் மிகச் சிறந்தது இந்தப் புயல்தான் என்று பேசிவிட்டு, பிறகு அந்தச் சொல்லுக்கு மன்னிப்புக் கேட்டார். மிஸ் அதை இன்னும் மறக்கவில்லை.

2016-இல் சட்டமன்றம் பள்ளிகளை மீண்டும் உள்ளூர்க் கல்விக் குழுவிடம் ஒப்படைக்கச் சட்டம் இயற்றியது. 2018 ஜூலை 1-இல் அது நடைமுறைக்கு வந்தது. அதாவது, ஊரார் வாக்களித்த குழு இப்போது ஒப்பந்தம் கொடுக்கும், கண்காணிக்கும், தேவைப்பட்டால் பறிக்கும். ஆனால் பள்ளிகளை நடத்தும் வேலை சார்ட்டர் நிர்வாகங்களிடமே இருந்தது. 2019-இல் கடைசியாக மிஞ்சிய பள்ளியும் சார்ட்டர் நிர்வாகத்துக்குப் போனது. அதே ஆண்டில் கென்னடி உயர்நிலைப் பள்ளியில் மதிப்பெண்களைத் திருத்திய மோசடி வெளியானது. மேடை ஏறிப் பட்டம் வாங்கிய மாணவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் உண்மையில் தகுதி பெறவில்லை என்று தெரியவந்தது. நடத்திய நிர்வாகம் ஒப்பந்தத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனது. பிள்ளைகள் கோடை வகுப்பில் உட்கார்ந்தார்கள்.

தொண்டு நிறுவனமும் இந்த ஆண்டுகளில் மாறியிருக்கிறது. 2017-இல் கூட்டாட்சி அரசின் 1.3 கோடி டாலர் உதவியோடு ஆசிரியர்களை உள்ளூரிலேயே பயிற்றுவிக்கும் திட்டத்தைத் தொடங்கினார்கள். பங்காளிகளில் ஒன்று சேவியர் பல்கலைக்கழகம், பல தலைமுறைக் கறுப்பின ஆசிரியர்களை உருவாக்கிய கல்லூரி. பத்தாண்டு தாமதம் என்றாலும் நல்ல வேலை. அதை மனமார வரவேற்கிறேன். 2022-இல் இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொன்னார்கள்: பிறப்பு விகிதம் குறைகிறது, குடும்பங்கள் வெளியேறுகின்றன, வகுப்பறைகளில் காலி இடங்கள் பெருகுகின்றன, பள்ளிகளை இணைத்தே ஆகவேண்டும் என்று. யாருக்கும் பிடிக்காத செய்தியை எண்களோடு வைத்தது பொறுப்பான செயல்.

இணைப்பு, மூடல் என்ற முடிவுகள் மறுபடி வரப்போகின்றன. தரவுகளும் நிபுணர்களும் நன்கொடையாளர்களின் தொலைபேசி எண்களும் தொண்டு நிறுவனத்திடம் இருக்கின்றன. வாக்கு மட்டும் ஊராரிடம் இருக்கிறது. தேர்ந்தெடுக்கப்பட்ட குழுவின் கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்க எனக்கு உரிமை உண்டு. சார்ட்டர் நிர்வாகக் குழுக்களின் கூட்டமும் சட்டப்படி திறந்தது. அவர்களுக்கு ஆலோசனையும் பணமும் தரும் தனியார் நிறுவனத்தின் கூட்டத்தில் எனக்கு நாற்காலி கிடையாது. ஆகவே அவர்கள் தரும் ஒவ்வோர் ஆய்வும் திட்டமும், முடிவெடுக்கும் முன்பே, வகுப்பறையில் நிற்பவர்கள் முன்னிலையில் பொதுவில் பேசப்பட வேண்டும். ஊரில் இருக்கும் ஆசிரியர்களை, இம்முறையாவது, முதலில் கேட்க வேண்டும்.

2024 ஆகஸ்டில் கல்விக் குழு தானே நேரடியாக நடத்தும் ஒரு பள்ளியைத் திறந்தது. ஊரின் புகழ்பெற்ற கிரியோல் சமையல் கலைஞர், மறைந்த லியா சேஸின் பெயர் அதற்கு. ஒரு சார்ட்டர் பள்ளி மூடப்பட்டபோது, வேறொரு நிர்வாகத்துக்கு அதைக் கொடுக்காமல் குழுவே ஏற்றது. இது வெற்றி பெற வேண்டும் என்று நான் விரும்புகிறேன், மற்ற பள்ளிகளை அளக்கும் அதே அளவுகோலால் இதையும் அளந்து முடிவை வெளியிட வேண்டும் என்றும் விரும்புகிறேன். தேறாவிட்டால் அதையும் சொல்லட்டும். அடுத்த கூட்டத்தில் இதைப் பற்றிப் பேச மிஸ் பெயர் கொடுத்திருக்கிறார். அவருக்கு அடுத்த பெயர் என்னுடையது.